உடையும் என்று மட்டும் தெரிந்த எண்

வேலைக்குக் கிளம்பும் முன் ரெபேக்காள் கணினிப் பெட்டியின் பக்கவாட்டில் புறங்கையை வைத்துப் பார்க்கிறாள், குழந்தைக்குக் காய்ச்சலா என்று பார்ப்பதுபோல. "லேசாத்தான் சுடுது. ஓடட்டும்," என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவாள்.

குத்துக்கல்வலசையில் எங்களுக்குப் பக்கத்து வீடு. குற்றாலத்தில் ஒரு லாட்ஜின் வரவேற்பு மேசையில் அவளுக்கு வேலை. கணவர் ஜெபசிங் ஆட்டோ ஓட்டுகிறார். லாட்ஜில் கழித்துப்போட்ட அந்தக் கணினியை அவள்தான் கேட்டு வாங்கி வந்தாள். இரவும் பகலும் அது செய்வது ஒரே வேலை: ஓர் எண்ணை உடைப்பது.

இருநூற்றுச் சொச்சம் இலக்கங்கள் கொண்ட எண். இப்படி உடைபடாதவற்றை ஓர் இணையதளத்தில் போட்டுவைத்து, எங்கெங்கோ இருப்பவர்கள் ஆளுக்கொன்றாக எடுத்துக் காரணி தேடுகிறார்கள். "இது உடையும்னு தெரியும்க்கா. எதால உடையும்னுதான் ஒருத்தருக்கும் தெரியாது." அதெப்படி என்று கேட்டேன். "அதுக்கு ஒரு சோதனை இருக்கு. பகா எண்ணா இருந்தா கடைசில மிச்சம் ஒண்ணு வரணும். இதுக்கு வரல. அப்ப உள்ள ரெண்டு பேராவது இருக்காவ. வெளிய வர மாட்டங்காவ."

எண்களை மரியாதையாகத்தான் பேசுவாள். லாட்ஜில் 203ஆம் அறைச் சாவியைக் கொடுக்கும்போது அவளுக்குத் தன்னால் சிரிப்பு வந்துவிடும். "பாத்தா பகா எண் மாதிரியே இருக்கும். உள்ள ஏழும் இருபத்தொம்பதும் இருக்காவ." சாவி வாங்குகிறவர்கள், சாரல் சீசனில் தங்களுக்குக் கிடைத்த தனி வரவேற்பு என்று நினைத்துப் பதிலுக்குச் சிரிப்பார்கள்.

ஜெபசிங்குக்கு இந்த எண் எதுவும் பிடிபடாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை வீடு. பெட்டி வேறு அனல் கக்கும். கோடையில் பாயைத் தூக்கிக்கொண்டு வாசலில் போய்ப் படுத்துவிடுவார். "இது ஒண்ணு மட்டும் உடையட்டும். அதோட நிப்பாட்டிருதேன்," என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். போன ஐப்பசியில் இடி விழுந்து பெட்டி அணைந்தபோது, அதை ஆட்டோவின் பின்சீட்டில் துண்டால் கட்டி, தென்காசிக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்து வந்தவரும் அவர்தான். "இது ஓடலன்னா இவ பேச மாட்டங்கா. வீடு வீடா இல்ல, பாத்துக்கிடுங்க," என்றார் என்னிடம்.

போன ஞாயிற்றுக்கிழமை ரெபேக்காள் ஆராதனை முடிந்து வந்த சூட்டில் அவள் வீட்டிலிருந்து சத்தம் கேட்டது. "அக்கா, ஓடி வாங்க! ஒருத்தரு வந்துட்டாரு!"

திரையில் நாற்பத்துச் சொச்சம் இலக்கத்தில் ஒரு பகா எண். வகுத்துப் பார்த்தாள். மிச்சமில்லை. மறுபடியும் வகுத்தாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, ஈவாக வந்த பெரிய எண்ணை அந்தப் பழைய சோதனைக்குக் கொடுத்தாள். மிச்சம் ஒன்று வரவில்லை.

"என்னட்டி, முடிஞ்சிட்டா?" என்று கேட்டார் ஜெபசிங். சவாரியிலிருந்து அப்போதுதான் வந்து, சட்டையைக் கழற்றிப்போட்டு, மேசை விசிறிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

"பாதிதாங்க. வந்த ஈவும் பகு எண்ணுதான். உள்ள இன்னும் ஆளு இருக்கு." அவர் முகத்தைப் பார்க்காமல் சுட்டியின் மேல் விரலை வைத்தாள். "ஒடஞ்சது ஒடஞ்சதுதான. சொன்ன சொல்லு சொல்லுதான். நிப்பாட்டிருதேன்."

"அவங்க எம்புட்டு நாளா உள்ள இருக்காவ?"

"எண்ணுன்னு ஒண்ணு இருக்கதுலருந்து."

ஜெபசிங் எழுந்தார். கழுத்து வியர்வையைத் துண்டால் ஒற்றிக்கொண்டே, தனக்கு நேரே சுழன்றுகொண்டிருந்த விசிறியைத் தூக்கி, பெட்டியைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.