தனிப்பட்ட கருத்து

அவர் எழுதியதை நான் பார்த்தபோது மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். போன் சிணுங்கியதும் விரல் நுனியை மட்டும் புடவையில் துடைத்துவிட்டு ஃபேஸ்புக்கைத் திறந்தேன். "பிறப்பது தமிழ்நாட்டில், சீட்டுக் கேட்பது காரைக்காலில். எல்லைக்கு அந்தப் பக்கம் பிறந்ததுகளுக்கெல்லாம் இருப்பிடச் சான்றிதழைத் தூக்கிக் கொடுத்தால் நம் பிள்ளைகள் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்." கடைசியில் ஒரு வரி: "இது என் தனிப்பட்ட கருத்து."

எழுதியவர் எங்கள் தெருக்காரர். காரைக்கால் தருமபுரத்தில் எங்களுக்குப் பக்கத்து வீடு. சான்றிதழ் கொடுக்கும் அலுவலகத்தில் வேலை. என் மகளின் நர்சிங் சீட்டுக்கு இருப்பிடச் சான்றிதழ் கேட்டு முந்தின நாள்தான் விண்ணப்பம் கொடுத்திருந்தேன். அது அவருடைய மேசையில் இருந்தது. அதை ஓரமாகத் தள்ளிவிட்டு இதை எழுதினாரா, அதன்மேலேயே கையை ஊன்றிக்கொண்டு எழுதினாரா, எனக்குத் தெரியாது.

என் மகள் பிறந்தது நாகப்பட்டினத்தில். நான் அந்த ஊர்ப் பெண். காரைக்காலில் பாதி வீடுகளில் மருமகள் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவள்தான். காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது, வாஞ்சூர் தாண்டினால் தமிழ்நாடு. பிராந்திக் கடைகள் தீர்ந்துபோவதை வைத்துத்தான் பஸ்ஸில் இருப்பவனுக்கு மாநிலம் மாறியது தெரியும். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது எங்கள் எல்லாருக்கும் பொது. கோயிலுக்குப் போகிறவர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்ற வித்தியாசம் அதில் இல்லை. ஏழாம் மாதம் என் வீட்டார் வந்து அழைத்துப்போனார்கள், கைக்குழந்தையோடு திரும்பி வந்தேன். அதனால் இங்கே எத்தனையோ வீடுகளில் மூத்தது தமிழ்நாட்டில் பிறந்தது, இளையது காரைக்காலில் பிறந்தது. இரண்டும் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவை.

இதெல்லாம் அவருக்குத் தெரியாதா? என் மகளின் ஞானஸ்நான விருந்தில் பிரியாணியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர் அவர். அவள் சைக்கிள் பழகும்போது அவர் வீட்டுக் கேட்டில்தான் போய் மோதினாள். சான்றிதழுக்கு வேண்டியது இங்கே குடியிருந்த காலம். அதற்கு அவரைவிடப் பெரிய சாட்சி யாரும் கிடையாது.

அலுவலகத்துக்குப் போனேன். "அண்ணே, பாப்பா சர்டிபிகேட்டு..." என்று ஆரம்பித்தேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"இங்க சார்னு சொல்லுங்கம்மா."

"சரிங்க சார். கடைசி தேதி நெருங்குது."

"பொறப்பு சர்டிபிகேட்ல ஊரு வேறயா இருக்கே. ஸ்கூல்லேருந்து இன்னும் ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க. பாக்கலாம்."

"நீங்க பாத்து வளந்த புள்ளதானே சார்."

"ஆபீஸ்ல நான் பக்கத்து வீட்டுக்காரன் இல்லம்மா."

சரி, அலுவலகத்தில் பக்கத்து வீட்டுக்காரர் இல்லை. ஃபேஸ்புக்கில் அதிகாரி இல்லை, தனி மனிதர். அப்படியானால் என் பிள்ளையைத் தெரிந்த அந்த ஆள் எப்போது, எங்கே உட்கார்ந்திருப்பார்? தனிப்பட்ட கருத்தாம். என்னுடைய தனிப்பட்ட கருத்தால் ஒரு சீட்டும் போகாது, ஒரு சீட்டும் வராது. அவருடையதை எழுதிய அதே கைதான் மறுநாள் முத்திரை குத்துகிறது. அந்தக் கையை வீட்டில் கழற்றி வைத்துவிட்டா வேலைக்கு வருகிறார்?

பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டே பதில் எழுதினேன். நல்ல காரமான பதில். போடுவதற்கு முன் வீட்டில் கணவரிடம் காட்டினேன்.

"போட்டுறாத. கையெழுத்து அவரு கையில இருக்கு."

"அதுக்காக வாய மூடிக்கிட்டு இருக்கணுமா?"

"புள்ளைக்கு சீட்டு கெடைக்கிற வரைக்கும் இரு."

அழித்துவிட்டேன். அழித்த கோபத்தில், அந்தப் பதிவுக்கு யார் யாரெல்லாம் லைக் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்க உட்கார்ந்தேன். எங்கள் தெருவே அங்கே இருந்தது. தன் மூத்த மகனைச் சீர்காழியில் பெற்றவள் கைகூப்பும் பொம்மையைப் போட்டிருந்தாள். மாமியார் ஊர் மயிலாடுதுறை என்று பீற்றிக்கொள்ளும் ஒருவர் "சரியாகச் சொன்னீர்கள் சார்" என்று எழுதியிருந்தார். ஒவ்வொருவரையும் மனதுக்குள் திட்டிக்கொண்டே கீழே இறங்கினேன். அங்கே என் மகளின் படம் இருந்தது. பள்ளி விழாவில் நான் எடுத்த படம். அவளும் லைக் போட்டிருந்தாள்.

கூப்பிட்டுக் கேட்டேன். அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"எல்லாரும் போட்டுருக்காங்கம்மா. நான் மட்டும் போடலன்னா அவருக்குத் தெரியும்ல."

அடிக்கத்தான் கை ஓங்கினேன். ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் தலையில் வைத்தேன்.

பள்ளியில் கடிதம் வாங்கிக் கொடுத்த பிறகும் இழுத்தடித்து, கடைசி நேரத்தில் கையெழுத்துப் போட்டார். கொடுக்கும்போது "நல்லா படிக்கச் சொல்லுங்க" என்று அறிவுரை வேறு. சீட்டுக் கிடைத்தது. அவருக்கு நான் நன்றி சொல்லவில்லை.

அடுத்த வருஷம், திருவாரூரில் கட்டிக் கொடுத்திருந்த அவருடைய மகள் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். பேரன் இங்கேயே பிறந்தான். குழந்தையின் பாதத்தைப் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டார். பிறகு இனிப்புப் பெட்டியோடு தெருவில் வீடு வீடாக வந்தார். எங்கள் வாசலுக்கும் வந்தார். நான் பெட்டியைத் தொடவில்லை.

"பேரன் எந்த ஊருங்கண்ணே?" என்றேன்.

"திருவாரூருதான். அவங்க அப்பா ஊரு. வேற எந்த ஊரு?"

"அப்ப எம் பொண்ணு மட்டும் ஏன் அவ அப்பா ஊரு இல்ல?"

கொஞ்ச நேரம் அவருக்குப் புரியவே இல்லை. புரிந்ததும் சிரித்தார்.

"அதையா இன்னும் மனசுல வச்சிருக்கீங்க? அது பொதுவா போட்டதும்மா. அன்னிக்கே மறந்துட்டேன். உங்க பொண்ணே லைக் போட்டுருந்துச்சே."

பெட்டியைத் திண்ணையில் வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அதைத் தூக்கி அவர் பின்னாலேயே எறியத் தோன்றியது. குழந்தையை நினைத்து விட்டுவிட்டேன்.

அந்த வாரம் மகள் விடுதியிலிருந்து வந்திருந்தாள். "மொதல்ல அந்த லைக்க எடுத்துடு. இனிமே அந்தாளுக்கு எதுக்குப் பயப்படணும்?" என்றேன்.

அவள் போனை எடுத்தாள். அந்தப் பதிவைத் தேடிக் கண்டுபிடித்தாள். பிறகு எதுவும் செய்யாமல் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"படிச்சு முடிச்சா வேலைக்கு மறுபடியும் சர்டிபிகேட் வாங்கணும்மா. இருக்கட்டும்."