அரைகுறையாக எரிவது

சிவப்பு விளக்கு விழுந்ததும் கியெம் தன் மோட்டார் சைக்கிளின் எஞ்சினை அணைத்துவிடுவார். ஹனோயில் அப்படிச் செய்கிற இன்னொருவரை யாரும் பார்த்ததில்லை. பச்சை விழுந்தால் பழைய வண்டி உடனே கிளம்பாது. பின்னால் நிற்கிற அத்தனை பேரும் ஹாரனை அழுத்துவார்கள். "அண்ணே, தூங்கிட்டீங்களா?" என்று யாராவது கத்தினால், "இல்ல தம்பி, கணக்கக் குறைக்கிறேன்" என்பார். கேட்டவனுக்குப் புரியாது. அவரும் விளக்க மாட்டார்.

அது நாட்டின் கணக்கு. எதுவும் அரைகுறையாக எரிந்தால் வருகிற நச்சுவாயு கார்பன் மோனாக்சைடு. ஆண்டுதோறும் அது எவ்வளவு காற்றில் கலக்கிறது, எதிலிருந்து கலக்கிறது என்று ஓர் அரசு அலுவலக மாடியில் உட்கார்ந்து வரைபடத்தில் கோடு வரைகிறார். இளைஞனாகச் சேர்ந்தபோது தொடங்கிய கோடு. இப்போது தலை நரைத்துவிட்டது. முதலில் அடுப்புக்கரியும் விறகும்தான் பெரும்பங்கு. பிறகு வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள் வந்தது, கோடு விறுவிறுவென்று ஏறியது. சமையலுக்கு கேஸ் வந்தது, புது வண்டிகள் ஒழுங்காக எரிந்தன. ஏற்றம் மெல்லத் தணிந்தது. அறுவடை முடிந்து வைக்கோலைக் கொளுத்தும் மாதங்கள் மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை.

மனிதர்களையும் அதே கண்ணால்தான் பார்ப்பார். இயக்குநர் மேசையைக் குத்திக் கத்திவிட்டுப் போன ஒரு நாள், கலங்கி நின்ற சக ஊழியரிடம் சொன்னார்: "அவரு முழுசா எரிஞ்சு முடிச்சிட்டாரு, பயமில்ல. அரைகுறையா எரியறதுதான் ஆளக் கொல்லும்." முகத்தில் சிரிப்பில்லை.

அலுவலக வாசல் நடைபாதையில் தோவா அக்கா டீ விற்கிறாள். தேன்கூடு மாதிரித் துளைகள் உள்ள கரிக்கட்டி எரியும் தகர அடுப்பு அவளுடையது. நகரத்தில் அந்த அடுப்பு கூடாதென்று உத்தரவு வந்ததும், வீட்டுக் கரிக்கு இனிப் பூஜ்யம் போட்டுவிடலாம் என்றார் இயக்குநர். கியெம் ஜன்னலைத் திறந்து கீழே காட்டினார்.

"ஒத்த அடுப்பு நாட்டுக் கணக்குல தெரியுமாய்யா?"

"தெரியாது சார். ஆனா எரியுதே."

வரைபடத்தில் வீட்டுக் கரிக்கு மயிரிழைபோல ஒரு கோடு தங்கியது. கேள்விப்பட்ட தோவாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க வீட்டுக்காரரு செத்தப்பகூட ஒருத்தனும் எழுதல. என் அடுப்பு கவர்மெண்ட் கணக்குல ஏறிடுச்சா!"

"அத வீட்டுக்குள்ள மட்டும் வச்சுக்காதீங்கக்கா."

"உனக்கு வேற பேச்சே வராதா தம்பி?"

தெட் புத்தாண்டு முடிந்த வாரம் எலும்புக்குள் இறங்குகிற குளிர், விடாத தூறல். ஒரு காலை நடைபாதையில் டீக்கடையின் பிளாஸ்டிக் முக்காலிகள் இல்லை. தோவா கடை போடாத நாளே கிடையாது. கியெம் மாடி ஏறாமல் பின்சந்தில் இருந்த அவள் அறைக்குப் போனார். ஜன்னல் இடுக்கில் துணி திணித்திருந்தது. கூப்பிட்டார், பதில் இல்லை. யாரையும் அதட்டியே அறியாத மனிதர் கதவை உதைத்தார். தாழ்ப்பாளோடு கதவே பெயர்ந்து விழுந்தது. உள்ளே மூலையில் தகர அடுப்பு கனன்றுகொண்டிருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே புகுந்து, அவளைப் பாயோடு இழுத்து வந்து தூறலில் போட்டார். பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்தார். இருவரும் கூப்பிடக் கூப்பிட, வெகுநேரம் கழித்து அவள் இருமி வாந்தியெடுத்தாள்.

அதன் பிறகுதான் கியெம் ஈரத் தரையில் உட்கார்ந்தார். "டன் டன்னா எழுதியிருக்கேங்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரரிடம். "இத்தனூண்டு ரூம்புக்குள்ள..."

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய தோவா முதலில் வாசலைத்தான் பார்த்தாள். "கதவப் பேத்துட்டியேடா பாவி!"

"செஞ்சு தர்றேன்க்கா."

"அடுப்பக் குடுக்கமாட்டேன், சொல்லிட்டேன். கரண்ட்ல கொதிச்ச தண்ணி டீக்கு ஆகாது. வேணும்னா ராத்திரி வெளிய வச்சுக்கிறேன், போதுமா?"

அந்த வாக்கை அவர் நம்பவுமில்லை, மறுக்கவுமில்லை. ஞாயிற்றுக்கிழமை புதுக் கதவோடும் ரம்பத்தோடும் வந்தார். கதவின் அடியில் நாலு விரல் அகலத்துக்கு அறுத்தெறிந்துவிட்டு மாட்டினார்.

"அட கூறுகெட்டவனே, எலி வருமே!"

"வரட்டும்க்கா. எலி நுழையிற எடத்துல காத்தும் நுழையும்."

பிறகு கதவைச் சாத்திவிட்டு, அறைக்குள் சிமெண்ட் தரையில் மண்டியிட்டு, அந்த இடைவெளியில் புறங்கையை வைத்தார். தோவா திட்டிக்கொண்டே இருந்தாள். குளிர்காற்று பட்டு விரல்கள் விறைக்கும்வரை அவர் கையை எடுக்கவில்லை.