எங்கள் வீட்டு வாட்ச்மேன்

வீட்டுக் கடன் வாங்கும்போது என் கணவருக்கு நாற்பத்தைந்து வயது. இருபது வருடக் கடன். ஐந்து வருடம் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டினோம். அதற்குப் பிறகு இன்னும் எத்தனை வருடம் பாக்கி என்று பேங்கில் போய்க் கேட்டால், இருபது என்றார்கள். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பதினைந்து என்று எழுதும் பிள்ளைக்கு நான் மார்க் போடுவேன். பேங்க் போடாது.

மேனேஜர் தங்கமான மனிதர். உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, அதன் பிறகுதான் சொன்னார். வட்டி ஏறியபோதெல்லாம் எங்கள் மாதத் தவணையை ஏற்றாமல் வருடத்தை மட்டும் நீட்டிக்கொண்டே வந்தார்களாம். எல்லாம் எங்கள் நன்மைக்காக. "மெசேஜ் வந்திருக்குமே சார்" என்றார். வந்திருக்கும்தான். என் கணவருக்கு வருகிற மெசேஜில் பாதி, கடன் வேண்டுமா என்று கேட்டு வருவது. அவற்றோடு சேர்த்து இதையும் அழித்திருப்பார். இப்போது வருடம் நீண்டு நீண்டு அவருடைய எழுபதாவது வயதைத் தொட்டுவிட்டது. அதற்கு மேல் நீட்ட விதி இல்லை. இனிமேல் தவணையைத்தான் ஏற்ற வேண்டும். "சாரோட வயசு எடம் குடுக்கல மேடம்" என்று மேனேஜர் என்னைப் பார்த்துச் சொன்னார், ஏதோ நான்தான் அவருக்கு வயதைக் கூட்டி வைத்ததுபோல.

என் கணவர் ஒரு மருந்து மொத்த வியாபாரக் கிடங்கில் சூப்பர்வைசர். அவர் சம்பளம் பேங்குக்கு, என் சம்பளம் வயிற்றுக்கு என்பதுதான் எங்கள் ஏற்பாடு. இப்போது பேங்க் என் சம்பளத்திலும் கை வைத்தது. அதே மாதம் பள்ளியில் எனக்கு ஐந்நூறு ரூபாய் சம்பள உயர்வு கொடுத்தார்கள். கூடவே முக்கால் மணி நேரம் அறிவுரையும் கொடுத்தார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு இந்த வீட்டில் இஷ்டமே இல்லை. முத்தியால்பேட்டையில் வாடகைக்கு இருந்தோம். பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போவேன். சட்னி அரைக்கும்போது தேங்காய் இல்லை என்றால் அடுப்பை அணைக்காமல் போய் வாங்கி வந்துவிடலாம். என் கணவருக்குத்தான் மனத்தாங்கல். சுவரில் ஓர் ஆணி அடிக்க ஓனரிடம் மூன்று முறை கேட்டு, மூன்று முறையும் அவர் யோசித்துச் சொல்கிறேன் என்றாராம். அந்த ஆணிக்காக ஊருக்கு வெளியே, பாலம் தாண்டி அரியாங்குப்பத்தில் மனை வாங்கி மாடி வைத்துக் கட்டினார். சர்ச்சிலிருந்து சாமியார் வந்து வீட்டை மந்திரித்துவிட்டுப் போன அன்று சாயங்காலமே சுத்தியலை எடுத்தார். பதினேழு ஆணி அடித்தார். ஒன்பதில் இன்றுவரை எதுவும் தொங்கவில்லை.

தவணை ஏறியதும் அவர் சிக்கனத்தில் இறங்கினார். பாலத்து இறக்கத்தில் ஸ்கூட்டரை அணைத்துவிட்டு உருட்டியே வருவார். பின்னால் உட்கார்ந்திருப்பது நான். பின்னாலிருந்து பஸ்காரன் ஹாரன் அடிப்பான், இவர் பெட்ரோல் மிச்சமான சந்தோஷத்தில் ஜெபமாலை சொல்லிக்கொண்டு வருவார். காபிக்குச் சர்க்கரையை நிறுத்தினார். கேட்டால் உடம்புக்கு நல்லது என்றார்.

சரியான யோசனை எங்கள் மகளுக்குத்தான் வந்தது. காலாப்பட்டு யுனிவர்சிட்டியில் படிக்கிறாள். "மாடி ரூம சனி ஞாயிறுக்கு வாடகைக்கு விடலாம்ப்பா. சென்னையில இருந்தும் பெங்களூர்ல இருந்தும் எவ்ளோ பேர் வராங்க" என்றாள். மாடி அறை என்றால் எங்கள் படுக்கையறை. கிழக்குப் பார்த்த பால்கனியோடு, கணவர் தானே பேப்பரில் வரைந்து கொத்தனாரிடம் கொடுத்துக் கட்டியது. அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் சம்மதித்தார். மகள் அடுத்த குண்டைப் போட்டாள். "வெளிச் சுவருக்கு மஞ்சள் அடிச்சுடுங்க. பிரெஞ்சு வீடுன்னு நெனச்சுப்பாங்க." அடித்தோம். போனில் போட்டோ எடுத்து, பழைய பிரெஞ்சு வீடுகள் இருக்கும் ஒயிட் டவுனிலிருந்து பத்து நிமிடம் என்று வாடகை ஆப்பில் போட்டாள். பத்து நிமிடம்தான். சனிக்கிழமை சாயங்காலமாக மட்டும் இருக்கக்கூடாது.

முதலில் வந்தவர்கள் பெங்களூரிலிருந்து நான்கு இளவட்டங்கள். கார் வந்து நின்றபோது என் கணவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஒரு பையன் இறங்கி, "அண்ணா, ஓனர் இல்லீங்களா?" என்றான்.

"இல்லப்பா, வெளியூர் போயிருக்காங்க. நான் வாட்ச்மேன்" என்றார் என் கணவர்.

நான் கரண்டியோடு அடுப்பங்கரை ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் மாடிக்குப் போன பிறகு, "இது என்ன கூத்து?" என்றேன். "சொந்த பெட்ரூம வாடகைக்கு விட்டுட்டு கீழ ஹால்ல பாய் போட்டுப் படுக்கறேன்னு சின்னப் பசங்க கிட்ட எப்படிச் சொல்றது?" என்றார்.  ஆக நானும் வாட்ச்மேன் சம்சாரம் ஆனேன்.

ஓனராக ஐந்து வருடம் இருந்து கிடைக்காத பேர் வாட்ச்மேனாக மூன்றே மாதத்தில் அவருக்குக் கிடைத்தது. தங்கிப் போனவர்கள் அந்த ஆப்பில் எழுதினார்கள்: ஓனரைக் கண்ணிலேயே பார்க்க முடியவில்லை, ஆனால் வாட்ச்மேன் அண்ணா அருமையான மனிதர். கார் டயர் மாற்றிக் கொடுத்தார், போட்ஹவுஸுக்கு வழி சொன்னார், அவர் மனைவி வைத்த மீன் குழம்பு பிரமாதம். போகும்போது கையில் நூறு, இருநூறு வைப்பார்கள். வேண்டாம் வேண்டாம் என்பார், கை மட்டும் நீண்டிருக்கும். மிச்சம் விட்டுப்போன பீர் பாட்டில்களை அவர் தொடமாட்டார். அதனால் எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் கூப்பிட்டால் உடனே வருகிறார். ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போட்ட பேன்ட் சட்டையோடு முதல் பூசைக்குப் போய்விட்டு, ஆட்கள் எழுந்திருப்பதற்குள் ஓடி வந்து லுங்கிக்கு மாறிவிடுவார். வாராவாரம் பொய் சொல்கிறோமே என்று மனசு உறுத்தி, பாவசங்கீர்த்தனத்தில் இதையும் சொன்னாராம். சாமியார் பாவமன்னிப்புக் கொடுத்தாராம். பிறகு, பொங்கல் லீவுக்கு ரூம் காலியா என்று கேட்டாராம்.

சிரித்துக்கொண்டே ஒரு வருடம் ஓட்டினோம். ஆனால் மழைக்காலத்தில் யாரும் வரவில்லை. வட்டி இன்னொரு தடவை ஏறியது. என் வளையல் இரண்டும் அடகுக்குப் போயின. மகளுக்கு ஃபீஸ் கட்ட வேண்டும். நான் தினமும் ஒரே பாட்டைப் பாடினேன்: வித்துடலாம், வித்துட்டு முத்தியால்பேட்டைக்கே போயிடலாம். சாப்பிடும்போது சொல்வேன், ஸ்கூட்டரில் சொல்வேன். அவர் காது கேட்காதவர்போல இருப்பார். ஒரு புதன்கிழமை தோசையைப் பிய்த்துக்கொண்டே, "சரி, நல்ல வெல வந்தா குடுத்துடலாம்" என்றார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

நல்ல விலை அந்த ஞாயிற்றுக்கிழமையே மாடியிலிருந்து இறங்கி வந்தது.

சென்னைக்காரர், ரிட்டயர் ஆனவர், மனைவியோடு வந்து இரண்டு நாள் தங்கியிருந்தார். காலை காபி குடித்துவிட்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். சுவரைத் தட்டினார். பிறகு தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த என் கணவரிடம் வந்தார்.

"ஏம்பா, உங்க ஓனர் இத விப்பாரா?"

நான் ஜன்னலுக்கு வந்துவிட்டேன். என் கணவர் குழாயை மூடினார். "என்ன வெலைக்குங்க சார்?" என்றார். வந்தவர் சொன்ன தொகையில் கடனை அடைத்து, வளையலை மீட்டு, மகள் படிப்பை முடித்து, கையிலும் கொஞ்சம் நிற்கும். நான் மனசுக்குள் கணக்குப் போட்டே முடித்துவிட்டேன்.

"நான் ரெண்டு நாளா பாக்கறேன்" என்றார் அவர். "நல்லா ரசிச்சுக் கட்டின வீடு. ஆனா கட்டினவருக்கு இது மேல ஆசையே இல்ல போலருக்கே. இருந்தா இங்க வந்து இருக்க மாட்டாரா?"

என் கணவர் செடியைப் பார்த்துக்கொண்டே, "ஆசையெல்லாம் இருக்குதுங்க" என்று மட்டும் சொன்னார். 

"நீ கவலப்படாத. ஒன்ன அனுப்ப மாட்டேன். பின்னாடி ஒரு ரூம் போட்டுத் தரேன். நீயும் ஒன் சம்சாரமும் இங்கயே இருங்க. மாசம் பன்னெண்டாயிரம் தரேன். நாங்களும் எப்பவாவதுதான் வருவோம்."

இதைவிட நல்ல ஏற்பாட்டை எந்தப் பேங்கும் எங்களுக்குத் தராது. அதே வீடு, அதே செடி. தவணை கிடையாது, மேலே சம்பளம் வேறு. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். என் கணவர் முகத்தைப் பார்த்தேன். அவர் யோசித்துக்கொண்டிருந்தார். உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தார். அவர் தலை மெல்ல ஆடத் தொடங்கியது.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ, கையில் மாவோடு வாசலுக்குப் போய் நின்றேன்.

"விக்கறதில்லங்க" என்றேன். "நாங்கதாங்க ஓனர். இவர்தான் கட்டினாரு. அந்தப் பால்கனிய இவரே வரைஞ்சு கட்டினது."

அந்த மனிதர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மடித்துக் கட்டிய லுங்கியைப் பார்த்தார். என் கணவர் அவசரமாக லுங்கியை இறக்கிவிட்டார். "மன்னிச்சுக்குங்க சார், எனக்குத் தெரியாது" என்று வந்தவர் என் கணவரைச் சார் போட்டுக் கூப்பிட்டார். பதினொரு மணிக்குக் கிளம்ப வேண்டியவர்கள் பத்துக்கே கிளம்பிவிட்டார்கள்.

கார் தெரு திரும்பியது. நான் அவரை வம்புக்கு இழுக்கத் தயாராக இருந்தேன். அவர் மாடிப்படியில் போய் உட்கார்ந்தார்.

"நீதானே விக்கச் சொன்ன?"

"சொன்னேன்."

"நீ வரலன்னா நான் சரின்னு சொல்லியிருப்பேன்" என்றார். "அந்த ஆளு சம்பளம் தரேன்னு சொன்னப்ப, அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு."

அவர் கண் கலங்கியதை நான் பார்த்தது அன்றைக்குத்தான். இந்த மனிதர் எவ்வளவு களைத்துப் போயிருக்கிறார் என்பது இத்தனை நாள் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்த எனக்குத் தெரியவே இல்லை. பக்கத்துப் படியில் உட்கார்ந்தேன்.

"இன்னும் பத்தொம்பது வருஷம் கட்டணும். தெரியுமில்ல?" என்றார்.

"தெரியும். சாயங்காலம் டியூஷன் எடுக்கறேன்."

"கட்டி முடிக்கறப்ப எனக்கு எழுபது. அதுவரைக்கும் நான் இருப்பனா?"

எதையாவது கிண்டலாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். 

"இருங்க" என்றேன்.