நான்கு திமூர் மணிகள்

துபாய் ஜெபல் அலி லேபர் கேம்பில் யாருக்குத் தலை வலித்தாலும் என் தைல பாட்டிலைத் தேடித்தான் வருவார்கள். நேபாளி பீம் எங்கள் ரூமுக்கு வந்ததும் அது நின்றது. சளியோ வயிற்றுவலியோ, அவன் டப்பாவில் இருந்த இமயமலை வேர்தான். “அண்ணே, உங்க தைலத்தைவிட இது நல்லா கேக்குது” என்றான் என் ஊர்க்கார முருகனே. எனக்கு வயிறு எரிந்தது.

கேம்ப் பாஸிடம் போனேன். “சார், பீம் ஏதோ வேர் வச்சிருக்கான். போலீஸ் பாத்தா எல்லாருக்கும் வம்பு” என்று போட்டுக்கொடுத்தேன். அவர் வந்து டப்பாவை அப்படியே குப்பையில் கொட்டினார். யார் சொன்னது என்று பீமுக்குத் தெரியாது.

அதே வாரம் எனக்குக் கடைவாய்ப் பல்லில் உயிர் போகிற வலி. தைலம் எடுபடவில்லை. பீம் தன் சட்டைப் பையைத் துழாவி, மிளகு மாதிரி நான்கு மணிகளை என் உள்ளங்கையில் வைத்தான்.

“திமூர், பாய். இவ்வளவுதான் மிச்சம். பல்லில் வைத்துக் கடியுங்கள்” என்றான் இந்தியில்.

கடித்தேன். ஈறு மரத்தது. வலி சுத்தமாக நின்றுவிட்டது.

“டீக் ஹை, பாய்? வலி போச்சா?” என்று என் முகத்தையே ஆவலோடு பார்த்தான். முருகனும் பார்த்துக்கொண்டிருந்தான்.

“பெருசா ஒண்ணும் கேக்கல” என்றேன்.

காட்டிக்கொடுத்ததைவிட அந்தப் பொய்தான் இன்னும் என்னை உறுத்துகிறது.