கண்ணாடி போடாத மருமகள்

ஆண்டிமடம் வீட்டில் முந்திரிப் பருப்புக்குத் தோல் உரிப்பது ஜோதியும் அவள் ஓரகத்தி பரிமளாவும்தான். தோப்பில் விளைந்ததில் வீட்டுக்கென்று ஒதுக்கியதைக் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து சின்னக் கத்தியால் சுரண்டுவார்கள். அன்றும் ஜோதி கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, பருப்பை மூக்குவரை கொண்டுவந்து பார்த்து உரித்தாள். பரிமளா கையை எட்டி நீட்டிப் பிடித்து உரித்தாள். அவள் முறத்தில் பாதிப் பருப்பில் சிவப்புத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. ஜோதி கண்ணாடியை ஒரு தடவை கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

இதற்காக அவள் ரொம்ப வருஷம் காத்திருந்தாள். பத்தாவது படிக்கும்போதே தடித்த கண்ணாடி. பெண் பார்க்க வந்த அன்று அம்மா அதைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். கலங்கலாகத் தெரிந்த முகங்களில் எது மாப்பிள்ளை என்று பிடிபடாமல், ஜோதி முதல் காப்பியைத் தரகரிடம் நீட்டி, தலையைக் குனிந்து வெட்கமும் பட்டு வைத்தாள். மாப்பிள்ளை அறிவழகன் சிரித்துக்கொண்டே சம்மதம் சொல்லிவிட்டான். மாமியார் செங்கமலம்தான் எந்த விசேஷத்திலும் அந்தக் கதையை விட்டதில்லை.

"மூத்தது தரகரக் கட்டிக்கப் பாத்துச்சு. சின்னது நேரா எம் மவங்கிட்ட வந்துல்ல நின்னுச்சு."

சின்னது, பரிமளா. கல்யாணத்துக்கு முன்பே திருச்சியில் கண்ணுக்கு லேசர் செய்துகொண்டு வந்தவள். அதைக் கேள்விப்பட்டு ஜோதியும் அதே ஆஸ்பத்திரிக்குப் போனாள். கருவிழி மெலிசு, உங்களுக்குச் செய்ய முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு, "அக்கா, ஜெயங்கொண்டம் பஸ் வருது" என்று பரிமளா தூரத்திலேயே போர்டைப் படிக்கும்போதெல்லாம், இந்தக் கண் எத்தனை நாளைக்கு என்று நினைத்துக்கொள்வாள். இருபது வருஷமாகப் போகிறது. பரிமளாவுக்குப் போர்டு தெரிந்துகொண்டேதான் இருந்தது.

மகள் நந்தினி கூடத்துக்கு வந்தாள். பெரம்பலூரில் வேலை பார்க்கிறவள். அம்மாவின் கண்தான் அவளுக்கும். பரிசோதனை முடிந்து, லேசர் செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பா, "அம்மாவக் கேட்டுக்க" என்று ஒதுங்கிக்கொண்டார்.

"ஆஸ்பத்திரிக்கு வரேன்னு சொல்லிடட்டுமாம்மா?"

"மொதல்ல உஞ் சித்தி மொறத்தப் பாரு."

நந்தினி குனிந்து பார்த்தாள்.

"இத்தன வருஷத்துல அந்தக் கண்ணு பருப்புத் தோலுக்கே ஆவாம போயிடுச்சு. அதத்தான் நீயும் பண்ணிக்கப் போற."

பரிமளாவின் கத்தி நின்றது. "எப்பலேர்ந்துக்கா பாத்துக்கிட்டு இருக்கீங்க?"

"பொங்கலுக்கு உரிச்சதுலேர்ந்து."

"சொல்லியிருக்கலாம்ல."

பரிமளா எழுந்து போய், பீரோவில் புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு கண்ணாடிக் கூட்டை எடுத்து வந்தாள். "கண்ணாடி போடாத மருமவள்னு பேரு வாங்கிட்டேன். போட்டுக்க மனசு வரல." மாட்டிக்கொண்டாள். மெல்லிய பிரேம். கலங்கலாகப் பார்த்தாலும் கண்ணாடியும் அவளுக்குத்தான் அழகாக இருந்தது. ஜோதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உள்ளதச் சொல்றேன் நந்தினி. தூரத்துக்கு இன்னிக்கும் எனக்குக் கண்ணாடி வேணாம். கண்ணு அப்பப்ப காஞ்சு போவும், சொட்டு மருந்து வுட்டுக்குவேன். இருட்டுல எதுத்தாப்ல வண்டி லைட்டு அடிச்சா கூசும். கிட்டக்க இருக்கறது தெரியாதது வயசானா வரதாம். லேசர் பண்ணாதவங்களுக்கும் வருமாம்."

"தெரியும் சித்தி," என்ற நந்தினி அம்மாவைப் பார்த்தாள். "போன மாசம் அரியலூரு கண்ணாடிக் கடையில உங்கிட்டயும் அதத்தானம்மா சொன்னாங்க? நாப்பதுக்கு மேல எல்லாருக்கும் வரது, நீங்க கண்ணாடியக் கழட்டிட்டுப் பாத்தா போதும்னு. நானும் பக்கத்துலதான நின்னேன்."

ஜோதி தரையைத் தடவித் தன் கண்ணாடியை எடுத்தாள். முந்திரி எண்ணெய் ஒட்டிய விரல் பட்டு ஒரு பக்கம் மங்கிப்போனது. முந்தானையால் துடைத்தாள்.

பரிமளா தலை நிமிராமல், விட்டுப்போன தோல்களை ஒவ்வொன்றாகச் சுரண்டினாள். இப்போது கை வேகமாக ஓடியது.

"எங் கண்ணு நல்லாயிட்டா உனக்கு என்னம்மா?"

ஜோதி துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். நந்தினி போனில் ஆஸ்பத்திரி நம்பரை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனாள்.