ஏழாவது கட்டத்தில் நான் போட்ட சரி

போன வருடம் ஐப்பசி மழையில், பதுளைக்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நடந்தது இது. எதையும் வரிசைப்படுத்திச் சொல்வதுதான் என் பழக்கம். அதனால் முதலில் நடந்ததை அப்படியே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. தெமோதரைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண், மழையில் ஊறிய கல்லில் வழுக்கி விழுந்தார். கணுக்கால் எலும்பு முறிந்தது.
2. கூட வேலை செய்தவர்கள் காலில் துணி சுற்றி, கொழுந்து லொறியில் ஏற்றி அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள்.
3. அங்கே ஓர் ஆய்வுக்கான படிவத்துடன் நான் நின்றுகொண்டிருந்தேன்.
4. படிவத்தின் ஏழாவது கட்டம், 'மது வாடை உண்டா?' என்பது. குனிந்து பார்த்தேன். வாடை இருந்தது. 'ஆம்' என்ற இடத்தில் சரி போட்டேன்.
5. படிவத்தை அவருடைய கட்டிலிலேயே வைத்துவிட்டு அடுத்த நோயாளியிடம் போனேன்.
6. அவசரத்தில் வந்த டாக்டர் அதைப் பார்த்து, ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டிலும் 'மது வாடை' என்று எழுதினார். அந்தத் துண்டின் பிரதி தோட்டத்து ஒப்பீசுக்குப் போனது.
7. இரண்டு வாரம் கழித்து, காலில் கட்டோடு வீட்டில் கிடந்தவருக்குத் தோட்டத்து ஒப்பீசிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வேலை நேரத்தில் குடித்துவிட்டு விழுந்ததால் இது வேலை விபத்து இல்லையாம். தொழிலாளர் பதிவிலிருந்து பெயரை ஏன் வெட்டக் கூடாது என்று விசாரணைக்கு வந்து சொல்ல வேண்டுமாம்.
8. அந்தப் பெண் வாழ்நாளில் குடித்ததே இல்லை.

நாலாவதும் ஐந்தாவதும் என் கையால் நடந்தவை. அவை இல்லாவிட்டால் ஆறும் ஏழும் இல்லை.

நான் உயிர்வேதியியல் படித்தவள். கடைசி வருடத்தில், எங்கள் மலைப்பக்கம் வேலியோரம் வளரும் ஒரு செடியின் இலைச்சாறு புற்றுநோய்க் கலங்களை என்ன செய்கிறது என்று ஆராய்ந்தேன். அந்தத் துறையிலேயே வேலை கிடைக்கும் என்று நம்பினேன். கிடைக்கவில்லை. மதுவினால் ஏற்படும் காயங்களைப் பற்றிய ஆய்வு ஒன்றுக்குத் தகவல் சேகரிக்க ஆள் தேடினார்கள், சேர்ந்துவிட்டேன். தோட்டத்துச் சனங்களின் பேச்சு தெரிந்தவள் என்பது என் கூடுதல் தகுதி. ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான ஒரு லயத்தில் பிறந்து வளர்ந்தவள் நான்.

ஆய்வு தேவையில்லாதது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கசிப்பு என்கிற கள்ளச் சாராயம் எங்கள் லயங்களில் எத்தனை மண்டைகளை உடைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதை எண்ணித்தான் ஆக வேண்டும். ஆனால் ஒழுங்காக எண்ண வேண்டும்.

படிவத்துக்கு இரண்டாம் பகுதி ஒன்று உண்டு. ஒரு மாதம் கழித்து நோயாளியைத் தொலைபேசியில் அழைத்து, குணமாகிவிட்டதா, வேலைக்குத் திரும்பிவிட்டாரா என்று கேட்க வேண்டும். அழைத்தேன். அந்தப் பெண்ணின் நாத்தனார் எடுத்தார். நான் யாரென்று சொன்னதும் அவர் குரல் மாறியது.

"ஓ, நீங்கதானா? நேர்ல வாங்க மிஸ். போன்ல மோந்து பாக்க முடியாதுல்ல."

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, தெமோதரையில் இறங்கி மேலே நடந்தேன். அந்த அக்கா கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். கடிதத்தை எடுத்து நீட்டினார். வாங்கிப் படித்தேன். நாத்தனார் வாசலை மறித்து நின்றுகொண்டார்.

"எங்கண்ணன் குடிச்ச குடிக்கு, இவ அந்த வாடைய கண்டாலே வாந்தி எடுப்பா. அவளப் போயி குடிகாரின்னு எழுதிட்டீங்களே மிஸ். எங்க வீட்டு நாயிகூட ரெண்டு தரம் மோந்து பாத்துட்டுத்தான் கொலைக்கும்."

"வாடை இருந்துச்சேக்கா," என்றேன்.

"இருந்துச்சு. வாயிலயா இருந்துச்சு? கால்ல இருந்துச்சு!"

உள்ளே போய்ச் சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்து வந்து என் கையில் வைத்தார். சாராயத்தில் கற்பூரம் போட்டு ஊறவைத்தது. "சுளுக்குன்னு நெனச்சு நான்தான் லயத்துக்கு ஓடியாந்து எடுத்துட்டுப் போயி, துணிய நனைச்சுச் சுத்துனேன். அவசரத்துல பாதி அவ துணியில கொட்டிருச்சு."

மூடியைத் திறந்தேன். எனக்குத் தெரியாத வாசமா அது? எங்கள் வீட்டில் அப்பாவின் முழங்காலுக்கு அம்மா அதைத்தான் தேய்ப்பார். நான் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது என் பையிலும் அப்படி ஒரு போத்தலை வைத்து அனுப்பினார். அன்று ஆஸ்பத்திரியில் குனிந்தபோது சாராயத்தோடு கற்பூரமும்தான் என் மூக்கில் ஏறியது. படிவத்தில் கற்பூரத்துக்குக் கட்டம் இல்லை. அதனால் அது எனக்கு உறைக்கவே இல்லை.

ஆய்வுகூடத்தில் நாங்கள் இலைச்சாற்றை மதுசாரத்தில்தான் கரைப்போம். கலங்கள் செத்தால் உடனே இலைதான் கொன்றது என்று எழுத மாட்டோம். பக்கத்திலேயே இன்னொரு தட்டில் வெறும் மதுசாரத்தை மட்டும் விட்டுப் பார்ப்போம். கொன்றது இலையா, மதுசாரமா என்று பிரித்தறிந்த பிறகுதான் பேச்சே. கண்ணுக்குத் தெரியாத கலத்துக்கு அவ்வளவு நியாயம் பார்க்கத் தெரிந்த எனக்கு, வலியில் முனகிக் கிடந்த ஒரு பெண்ணிடம் 'குடிச்சீங்களாக்கா?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

இதைவிடக் கேவலம் இன்னொன்று. அதே நாள் பிற்பகல், சுற்றுலாக்காரர் போகும் எல்லவில் பாறையிலிருந்து விழுந்த ஒரு வெளிநாட்டுக்காரரைக் கொண்டுவந்தார்கள். பியர் வாடை நன்றாகவே அடித்தது. அவரிடம் மரியாதையாகக் கேட்டேன். இல்லை என்றார். இல்லை என்றே எழுதினேன்.

அந்த அக்கா என்னைத் திட்டவில்லை. "காலு எப்புடியும் கூடிரும் தங்கச்சி," என்றார். "பேர வெட்டிட்டாங்கன்னா தோட்டம் குடுத்த இந்தக் காம்பராவ விட்டு நான் எங்க போவேன்? அதுவும் குடிகாரின்னு வெட்டுனா?" விசாரணைக்கு நாலு நாள்தான் இருந்தது.

மறுநாள் காலை ஆய்வின் பொறுப்பாளரிடம் போய்ச் சொன்னேன். ஒரு படிவம் மொத்த முடிவை மாற்றாது, பெரிதுபடுத்தாதீர்கள் என்றார். கணக்குப்படி அது சரி. எனக்குக் கோபம் வந்ததே அதனால்தான். ரகசியம் காப்போம் என்று எழுதிய தாளில், வலியோடு கிடந்தவர்களிடம் கையெழுத்து வாங்குகிறவர்கள் நாங்கள். அப்படியிருந்தும் படிவத்தைக் கட்டிலில் போட்டுவிட்டுப் போனது நான்.

டாக்டரிடம் போனேன். "நான் உங்க படிவத்த நம்பினேன்," என்றார். எனக்கு அந்த அடி தேவைதான். தான் எந்தப் பரிசோதனையும் செய்யாமல் எழுதியதாகக் கடிதம் தந்தார். என் பங்குக்கு நானும் ஒன்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வியாழக்கிழமை தோட்டத்து ஒப்பீசில் விசாரணை. கிளாக்கர் இரண்டு கடிதங்களையும் புரட்டிப் பார்த்தார். "மிஸ், ஆஸ்பத்திரி ஒரு தடவ ஆமாங்குது, ஒரு தடவ இல்லங்குது. இதுல எத நான் பைல் பண்றது?"

நாத்தனார் முந்தானையிலிருந்து போத்தலை எடுத்து மேசைமேல் வைத்தார். "தொறந்து பாருங்கய்யா. ஒங்க வீட்டுலயும் இருக்கும். அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க."

கிளாக்கர் திறக்கவில்லை. வாய்க்குள் சிரித்துக்கொண்டு போத்தலை ஓரமாக நகர்த்தினார். திறக்காமலே அவருக்கு விஷயம் தெரியும். தெரிந்துகொண்டேதான் அந்தக் கடிதத்தை அடித்திருக்கிறார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது. ஆனால் அவரை மட்டும் எப்படிக் குறை சொல்வது? அந்த வாசம் எனக்கும்தானே தெரியும்.

இன்றைய நிலைமை இதுதான். விசாரணைக்குப் பிறகு அக்காவின் பெயரை வெட்டவில்லை, பதிவில் இருக்கிறது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகிறார், பெயர் கூப்பிடுகிறார்கள். ஏற்றத்தில் மட்டும் இன்னும் நொண்டுகிறார். அவர் விழுந்தது வேலை விபத்து என்று தோட்டம் இன்னும் எழுதித் தரவில்லை, பார்க்கிறோம் என்கிறார்கள். நான் நிரப்பிய பழைய படிவங்களில், கேட்காமலே 'ஆம்' போட்டவை எவை என்று பட்டியல் எழுதிப் பொறுப்பாளரிடம் கொடுத்திருக்கிறேன். அது அந்த ஒரு படிவத்தோடு நிற்கவில்லை. பதில் இன்னும் வரவில்லை. ஏழாவது கட்டமும் அச்சில் மாறவில்லை. அதன் பக்கத்தில் நானே பேனாவால் 'வாடை எங்கிருந்து?' என்று ஒவ்வொரு படிவத்திலும் எழுதுகிறேன். அப்படி எழுத எனக்கு அனுமதி இல்லை. எழுதிவிட்டு, குனிவதற்கு முன்னால் கேட்கிறேன்.