இடைவேளையில் ஒரு ஹிந்திப் பேச்சு

என் தங்கையின் அடையாறு ஃபிளாட்டில், உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. சென்ற வருடம் முழுக்க அதன் நடுத்தட்டில், தலையாட்டி பொம்மைக்கும் வெள்ளிக் குத்துவிளக்குக்கும் நடுவே, ஒரு கோப்பை நின்றது. பெண்கள் த்ரோபால் கோப்பை. மயிலாப்பூரிலிருந்து பெசன்ட் நகர் வரை உள்ள சில குடியிருப்புகள் சேர்ந்து வருடம் ஒருமுறை நடத்தும் போட்டி அது. நாற்பது வயது தாண்டியவர்கள் மட்டுமே ஆடலாம். அந்த இறுதி ஆட்டத்தின் கடைசிப் பந்தை எறிந்தவள் என் தங்கை. அதை நழுவவிட்டவள் என் மனைவி.

அதன் பிறகு அங்கே போகும்போதெல்லாம் என் மனைவிக்கு ஒரே நாற்காலிதான். "மன்னி, இங்க உக்காருங்கோ, ஃபேன் காத்து நன்னா வரும்" என்பாள் தங்கை. காற்று வந்தது உண்மை. நேர் எதிரே கோப்பை இருந்ததும் உண்மை. மயிலாப்பூருக்குத் திரும்பும் வழியில் மந்தைவெளி தாண்டும்வரை என் மனைவி பேசமாட்டாள். தாண்டியதும் ஒன்றே ஒன்று சொல்வாள்: "அடுத்த வருஷம் அது நம்மாத்துக்கு வரணும்."

அப்படித்தான் எங்கள் குடியிருப்பின் அணிக்கு அவள் தலைவியானாள். பயிற்சியாளராக மூன்றாம் மாடி மாமா வந்தார். வந்தார் என்பதைவிட, தன்னைத்தானே நியமித்துக்கொண்டார் என்பது சரி. சங்கச் செயலாளர் அவர்தான். தண்ணீர் மோட்டார் போடுவதும் அவர் பொறுப்பு என்பதால் யாரும் மறுத்துப் பேசவில்லை. வேலையில் இருந்த காலம் முழுவதையும் கான்பூரிலும் போபாலிலும் கழித்தவர். பந்தைத் தொட்டவரல்ல. ஆனால் ஹாக்கி, மல்யுத்தம், கிரிக்கெட், குத்துச்சண்டை, ஓட்டம் என்று ஹிந்தியில் வந்த விளையாட்டுப் படம் ஒன்றையும் விட்டுவைத்தவருமல்ல. அந்தப் படங்களைப் பார்த்துத்தான் மனிதர்கள் விளையாடவே கற்றுக்கொண்டார்கள் என்பது அவர் எண்ணம்.

அவருடைய முதல் திட்டம், முதல் ஆட்டத்தில் நாங்கள் தோற்க வேண்டும் என்பது. எல்லாப் படத்திலும் அணி முதலில் தோற்கும், சிதறும், பிறகு ஒன்றுசேரும். வருடா வருடம் ஸ்கோர் எழுதுகிறவன் என்ற முறையில், இது நாக்-அவுட் போட்டி, தோற்றால் அன்றே வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்று அவருக்கு விளக்கினேன். அவர் முகம் வாடிவிட்டது. சென்ற வருடத் தோல்வியையே முதல் தோல்வியாக வைத்துக்கொள்ளலாமே என்று சொன்ன பிறகுதான் தெளிந்தார்.

பிறகு பயிற்சி. படங்களில் பனிமலையில் ஓடுவார்கள். எங்களிடம் மாடிப்படி இருந்தது. காலை வேளையில் ஏழு பெண்களும் சல்வாரும் கேன்வாஸ் ஷூவுமாகத் தரைத்தளத்திலிருந்து மொட்டைமாடி வரை ஓடி இறங்குவார்கள். முதல் நாள் வாட்ச்மேன் என்னைத் தனியாக அழைத்துப்போய்க் கேட்டார்: "இன்னா சார், லிப்ட் ரிப்பேரா? அம்மாங்கல்லாம் படில ஓடிக்கினு கீறாங்க."

பச்சை முட்டை குடிக்க வேண்டும் என்று மாமா சொன்னபோது அணி முழுவதும் அவரைப் பார்த்த பார்வையில், அது பாதாம் பாலாக மாறியது. லாரி டயரைக் கயிறு கட்டி இழுப்பது தண்ணீர் கேன் வண்டியைத் தள்ளுவதாக மாறியது. இரண்டாவது வாரம் ஆள் குறைந்தது. மூன்று பேர்தான் வந்தார்கள், அதில் ஒருத்தி செருப்போடு.

அவர்களைத் திரும்ப வரவைத்தது மாமாவிடம் இருந்த இன்னொரு சரக்கு. படங்களைவிடப் படங்களுக்குப் பின்னால் நடந்தது அவருக்கு அதிகம் தெரியும். எந்த நாயகி எந்த நாயகனுக்கு மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்தாள், குத்துச்சண்டைப் படத்தில் நாயகன் மூக்கில் வழிந்தது ஏன் நிஜ ரத்தம், காதல் காட்சி எடுக்கும்போது பேசிக்கொள்ளாமலிருந்த இருவருக்கும் நடுவே யார் தூது போனார்கள், எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று குடை பிடித்தவர் போலச் சொல்வார். கான்பூரிலிருந்துகொண்டு இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்று ஒருமுறை கேட்டேன். என் மனைவி என்னை முறைத்த முறையில் அந்தக் கேள்வியை அத்தோடு விட்டேன்.

கதையை அவர் சும்மா சொல்லமாட்டார். எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்து, "அன்னிக்கு ராத்திரி ஓட்டல் கதவத் தட்டினது யாரு தெரியுமா?" என்று கேட்டு, பதிலுக்கு முன்னால் யார் மேலாவது பந்தை எறிவார். பிடித்தால் கதை தொடரும். நழுவவிட்டவள் தண்ணீர்த் தொட்டியோரம் போய் நிற்க வேண்டும். அங்கே ஒன்றும் காதில் விழாது. ஒரு மாதத்தில் எங்கள் பெண்கள் எந்தப் பந்தையும் விடாதவர்களானார்கள். முழங்கால் வலிக்காரி ஒருத்தி தரையில் விழுந்து பிடித்ததை நான் பார்த்தேன். அன்று கதை ஒரு நிச்சயதார்த்தம் நின்றுபோகிற இடத்தில் இருந்தது.

இப்படியாக இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டோம். எதிரே தங்கையின் அடையாறு அணி. பெசன்ட் நகரில் ஒரு மைதானம், கடற்காற்று, ஓரமாக ஒரே ஒரு வேப்பமரம். முதல் செட் எங்களுக்கு, இரண்டாவது அவர்களுக்கு. மூன்றாவதற்கு முன்னால் சிறிய இடைவேளை. வெயில் ஏறிவிட்டதால் இரண்டு அணிகளும் அந்த ஒரு மரத்து நிழலுக்கே வந்தன.

மாமா அதுவரை இந்த ஒரு இடைவேளைக்காகத்தான் காத்திருந்தார். இடுப்பில் கை வைத்து, எங்கள் ஏழு பேருக்கு முன்னால் மெல்ல நடந்து, ஹிந்தியில் பேசத் தொடங்கினார். தமிழில் பேசினால் சங்கக் கூட்டம் மாதிரி இருக்கும் என்று முன்பே என்னிடம் சொல்லியிருந்தார். குரல் தாழ்ந்தது, உயர்ந்தது, ஓரிடத்தில் உடைந்தது. எங்கள் அணியில் ஒருத்திக்கும் ஹிந்தி தெரியாது. ஸ்கோர் ஷீட்டோடு நின்ற என்னிடம் என் மனைவி ரகசியமாகக் கேட்டாள்.

"என்ன சொல்றார்?"

"தெரியல. மோட்டார் பத்தி இல்ல."

ஆனால் நிழலின் மறுபாதியில் நிலைமை வேறு. அடையாறு அணியில் இருவர் வடக்கே பிறந்து இங்கே வாழவந்தவர்கள். என் தங்கை கல்யாணமாகிப் பல வருடம் நாக்பூரில் இருந்தவள். மூவரும் தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பேச்சு முடிந்ததும் அவர்களில் ஒருத்தி, இந்தூர்க்காரி, கண்ணைத் துடைத்தபடி வந்து மாமாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். மாமா நெகிழ்ந்துபோய் ஆசீர்வாதம் செய்தார். என் மனைவி அவரைப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை.

மூன்றாவது செட்டில் அடையாறு அணி வேறு அணியாக இருந்தது. அவர்கள் எறிந்த ஒவ்வொரு பந்திலும் மாமாவின் பேச்சு இருந்தது. இருந்தும் எங்களவர்கள் பிடித்தார்கள். நின்றுபோன நிச்சயதார்த்தங்கள் கற்றுக்கொடுத்த கைகள் அவை. ஸ்கோர் பதினான்குக்குப் பதினான்கு. அடுத்த புள்ளி யாருக்கோ அவர்களுக்குக் கோப்பை என்று நடுவர் அறிவித்தார். சாந்தோம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பி.டி. டீச்சர் அவர். கழுத்தில் ஜெபமாலையும் விசிலும் ஒன்றாகத் தொங்கும்.

எங்கள் பக்கமிருந்து போன பந்தைத் தங்கை பிடித்தாள். த்ரோபாலில் பிடித்த பந்தை மூன்று விநாடிக்குள் எறிந்துவிட வேண்டும். அவள் எறியவில்லை. பந்தை நெற்றியருகே உயர்த்தினாள். முகத்தை வானத்துக்குத் தூக்கினாள். கண்களை மூடினாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமாவுக்கு மட்டும் விளங்கியிருக்க வேண்டும், அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். வலைக்கு இந்தப் பக்கம் என் மனைவி கைகளை நீட்டி, முழங்காலை மடக்கி, ஒரு வருடமாகக் காத்திருந்த பந்துக்காக நின்றாள்.

விசில் அடித்தது.

"மூணு செகண்ட் தாண்டிடுச்சு மேடம்" என்றார் பி.டி. டீச்சர். "தூங்கிட்டீங்களா?"

எங்கள் அணி கத்தியது, கட்டிக்கொண்டது. மாமா என்னிடம் ஓடிவந்து, கடைசிப் பந்துக்கு முன்னால் கண்ணை மூடி அம்மாவை நினை, பிறந்த மண்ணை நினை, உன்னை அவமானப்படுத்தியவனை நினை, பிறகு எறி என்றுதான் தான் பேசியதாகச் சொன்னார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, எதிரணிக்குக் கேட்கவேண்டும் என்றே பேசியதாகவும் சேர்த்துக்கொண்டார். மாலைக்குள் அது ஆரம்பத்திலிருந்தே அவருடைய திட்டமாகிவிட்டது.

என் மனைவி மட்டும் நீட்டிய கைகளை மடக்க மறந்து நின்றாள். கோப்பை கிடைத்துவிட்டது, பந்து வரவில்லை. திரும்பும் வழியில் மந்தைவெளி தாண்டிய பிறகும் அவள் பேசவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தாள். கோப்பை எங்கள் டிவி பக்கத்தில் இருந்தது. அதற்கு நேர் எதிரே ஒரு நாற்காலி காலையிலிருந்தே தயாராக இருந்தது. ஃபேன் காத்து நன்றாக வரும் என்று என் மனைவி சொன்னாள். தங்கை சிரித்துக்கொண்டே உட்கார்ந்து காபியை வாங்கிக்கொண்டாள்.

"கண்ண மூடிண்டு அம்மாவையா நெனச்சே?" என்று கேட்டேன்.

"அம்மாவத்தான் அண்ணா நெனச்சேன். அம்மா வந்து, கேஸ் அடுப்ப மூடினியாடின்னா. மூடலையோன்னு தோணிடுத்து. அதுக்கப்பறம் பந்தாவது ஒண்ணாவது."

நான் சிரித்தேன். என் மனைவி சிரிக்கவில்லை. "அந்தப் பந்த யாருக்குப் போட்டிருப்பே?" என்றாள்.

"உங்களுக்குத்தான் மன்னி. எடது தோள் பக்கமா. போன வருஷம் அங்கதான விட்டேள்."

என் மனைவி எழுந்து பால்கனியிலிருந்து பந்தை எடுத்துவந்தாள். "காபி ஆறட்டும். கீழ வா."

கார் நிறுத்துமிடத்தில் இரண்டு தூண்களுக்கு நடுவே வாட்ச்மேன் துணி காயப்போடும் கயிறு இருக்கிறது. அதுதான் வலை. அவர் தன் துண்டை உருவிக்கொண்டு, "இன்னும் மேட்ச் முடியலியா சார்?" என்று கேட்டுவிட்டு ஒதுங்கி நின்றார்.

தங்கை கண்ணை மூடவில்லை. பந்து வேகமாக, சொன்ன இடத்துக்கே வந்தது. என் மனைவி ஒரு அடி பின்னால் போனாள், இரண்டு கைகளும் தோளுக்கு மேலே சேர்ந்தன, பந்து அவற்றில் அடங்கி அப்படியே நின்றது. அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அவள் கொஞ்ச நேரம் எறியவேயில்லை. விசில் அடிக்க அங்கே யாரும் இல்லை.

மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து கைதட்டல் கேட்டது. பிறகு ஹிந்தியில், தாழ்ந்த குரலில், ஒரு பேச்சு தொடங்கியது. தங்கை நிமிர்ந்து பார்த்து ஹிந்தியிலேயே ஒரு வாக்கியம் சொன்னாள். மாமா பாதியில் நிறுத்திவிட்டு உள்ளே போனார்.

"என்னடி சொன்னே?" என்றாள் என் மனைவி.

"மோட்டார் போடச் சொன்னேன் மன்னி."

நாங்கள் படியேறி வீட்டுக் கதவைத் திறப்பதற்குள் கீழே மோட்டார் ஓடத் தொடங்கியிருந்தது.